இரண்டாம் கியர் அரைக்கிறது: சிங்க்ரோவா, கிளட்சா?

ஜனவரி 6, காலை (கேள்வி)

இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார், கையால் மாற்றும் ஐந்து கியர். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கரகரவென்று அரைக்கிறது. இரண்டாம் கியர் அரைத்தால் சிங்க்ரோ போய்விட்டது, கியர்பெட்டியை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்கிறேன். மறுப்பவர் உண்டா?

ஜனவரி 6, இரவு

நான் மறுக்கிறேன். என் காருக்கும் இதே நோய்தான். முன்பக்கம் எஞ்சின், பின்சக்கர இயக்கம், இருபது வயதைத் தாண்டியது, ஓடியது 1,40,000 கிலோமீட்டர். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப் பேர் அதன் புகழ் பாடுவார்கள், மீதிப் பேர் திட்டுவார்கள், கியர்பெட்டியைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு உலோகப் பற்களை வலுக்கட்டாயமாகக் கோக்கப் பார்த்தால் அரைக்கத்தான் செய்யும். அந்த வேகங்களைச் சமன் செய்வது சிங்க்ரோவின் வேலை. அந்த நேரத்தில் எஞ்சினைத் துண்டித்து வைப்பது கிளட்சின் வேலை. இரண்டில் யார் கடமை தவறினாலும் காதில் விழுவது ஒரே சத்தம். சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை இறக்குவது, தலைவலி என்றதும் தலையைத் திறப்பது போல.

ஜனவரி 7

நேற்றுக் கோபத்தில் எழுதினேன். இன்று உருப்படியாக.

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் கோளாறு கம்பியிலோ, லீவரின் அடியில் உள்ள புஷ்ஷிலோ, உள்ளே கியரை மாற்றித் தள்ளும் ஃபோர்க்கிலோ இருக்கலாம்.

அடுத்தது ரிவர்ஸ் சோதனை. வண்டி நிற்கட்டும், எஞ்சின் ஓடட்டும். கிளட்சை முழுதாக மிதித்து ஐந்து விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் ஒழுங்காக விட்டிருந்தால், அதாவது எஞ்சினைத் துண்டித்திருந்தால், அந்த ஐந்து விநாடியில் எஞ்சினிலிருந்து பெட்டிக்கு உள்ளே வரும் ஷாஃப்ட் (உள்ஷாஃப்ட்) நின்றிருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. (ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ வைத்த பெட்டி என்றால் இந்தச் சோதனை செல்லாது.)

மூன்றாவது, இரட்டைக் கிளட்ச். கிளட்ச் மிதித்து நியூட்ரல், பெடலை விடு, எஞ்சின் சுற்று இறங்கட்டும், மறுபடி மிதித்து இரண்டாம் கியர். இப்படிப் போட்டால் அரைக்காமல் விழுகிறது, நேராகப் போட்டால் மட்டும் அரைக்கிறது, அதுவும் ஒரே ஒரு கியரில் என்றால் சிங்க்ரோ மேல் கை நீட்டலாம். எல்லாக் கியரும் அரைத்தால் முதலில் கிளட்சையும் எண்ணெயையும் பாருங்கள்.

கியர் மாற்றாதபோதே சத்தம் வருகிறது என்றால் அது வேறு வழக்கு. நியூட்ரலில் கிளட்ச் பெடலை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் அடங்கினால் பெரும்பாலும் உள்ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதை இங்கே கலக்க வேண்டாம்.

ஜனவரி 8

என் கார்: எஞ்சின் நிறுத்தியபோது எல்லாம் வெண்ணெய். இரட்டைக் கிளட்சில் இரண்டாம் கியர் அழகாக விழுந்தது. ரிவர்ஸில் மட்டும் ஒரு சிறு ‘கிர்ர்’. ரிவர்ஸ் எல்லாக் காரிலும் கொஞ்சம் முனகும், விட்டுவிட்டேன்.

ஜனவரி 14

மலிவான மருந்திலிருந்து தொடங்குவோம் என்று எண்ணெய் மாற்றினேன்.

முதலில் நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றுங்கள், வடிக்கும் மூடியைப் பிறகு தொடலாம். நிரப்பும் மூடி துருப்பிடித்து வரமறுத்தால், எண்ணெய் இல்லாத பெட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க முடியாது, வண்டி மறைக்கும். எனக்கு இது நேர்ந்தது வேறு காரில், வேறு காலத்தில்.

வடிந்தது கறுப்பு. மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மை போல. அது வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். ஊசி போன்ற துணுக்கோ பல்லின் சில்லோ இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆனால் காந்தத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். சிங்க்ரோ வளையம் பித்தளை, பித்தளையைக் காந்தம் பிடிக்காது. வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். என்னுடையதில் பொன்தூள் மினுமினுத்தது. அழகாகவே இருந்தது. அந்த அழகு வளையத்திலிருந்து உதிர்ந்தது என்பதுதான் வருத்தம்.

முந்தைய உரிமையாளர் ஊற்றியது ஜி.எல்-5 தர எண்ணெய் என்று பழைய ரசீது சொல்கிறது. அது பின் அச்சின் ஹைபாய்டு கியருக்கான எண்ணெய். கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த அழுத்தத் தாங்கிகள் அதில் ஜி.எல்-4ஐப் போலச் சுமார் இரு மடங்கு. இரும்புப் பல்லைக் காக்கும் அந்தச் சரக்கு பித்தளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கக்கூடும். சிங்க்ரோவுக்கு வேண்டியது உரசல், அளவுக்கு மீறி வழுக்கும் எண்ணெய் அதற்குத் துணையாக இருக்காது. என் காரின் கையேடு கேட்பது ஜி.எல்-4 தரம், 75டபிள்யூ-90 தடிமன், இரண்டு லிட்டர். அதையே ஊற்றினேன்.

ஜனவரி 15

அரைக்கவில்லை! கேள்வி கேட்டவர் கவனிக்க: பெட்டியை இறக்கவில்லை, இரண்டு லிட்டர் எண்ணெய்தான்.

ஜனவரி 29

நேற்றைய வெற்றி முழக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். நேற்று என்றா எழுதினேன்? இரண்டு வாரம் ஆகிவிட்டது, அதில் பத்து நாள் கார் மூடித் துணிக்குள் உறங்கியது. காலையில் குளிர்ந்த பெட்டியோடு ஓட்டியபோது நன்றாக இருந்தது, எண்ணெயின் புண்ணியம். ஒரு மணி நேரம் மலைப்பாதையில் ஓட்டிச் சூடேறியதும், நிமிடத்திற்கு 5,000 சுற்றுக்கு மேல் இழுத்து இரண்டாம் கியர் போட்டால் பழைய கரகரப்பு. ரிவர்ஸின் முனகல் கத்தலாகிவிட்டது.

பிப்ரவரி 2

ஏன் எப்போதும் இரண்டாம் கியரே முதலில் சாகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியர் விகிதம் 3.6, இரண்டாவது 2.1 என்று வைப்போம். 6,500 சுற்றில் மாற்றினால், உள்ஷாஃப்ட்டும் கிளட்ச் பிளேட்டும் ஏறக்குறைய 3,800 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். நாலிலிருந்து ஐந்துக்கு, 1.3இலிருந்து 1.0க்கு, அதே 6,500 சுற்று 5,000க்கு இறங்கினால் போதும். முதலாவதில் வித்தியாசம் 2,700, இரண்டாவதில் 1,500. வளையத்தில் வெப்பமாக மாறும் ஆற்றல் இந்த வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இவ்வளவையும் கால் விநாடியில் தாங்க வேண்டியது மெல்லிய பித்தளை வளையம். நகரத்தில் நாம் அதிகம் போடும் கியரும் அதுவே. அவசரக்காரர் கையில் அது என்ன பாடுபடும்!

என் கையும் அவசரக் கைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 9

ஜனவரி 8 குறிப்பில் ‘விட்டுவிட்டேன்’ என்று எழுதினேன் அல்லவா? அங்கேதான் வழுக்கினேன். இந்த ஒரு மாதமும் அந்த ‘கிர்ர்’ என்னிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பெடலை மிதித்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கலாம் என்று வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்தேன். மகள் பெடலில். “மிதி” என்றேன். 9 மில்லிமீட்டர். கையேடு கேட்பது 13. “விடு. மறுபடி மிதி.” மறுபடி 9. எங்கும் ஒழுகல் இல்லை. காற்று இருக்குமோ என்று திரவத்தை வடித்தேன், தேநீர் நிறத்தில் வந்தது, குமிழி இல்லை. கிளட்சிலும் ஓடுவது பிரேக் திரவம்தான், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்று தெரிந்தும் இதை எத்தனை வருடமாக மாற்றவில்லை என்று கேட்காதீர்கள்.

கண்டுபிடித்தது நான் இல்லை. பெடலிலிருந்து இறங்கிக் குனிந்து பார்த்த மகள், “அப்பா, நீங்கள் மிதியுங்கள், நான் பார்க்கிறேன்” என்றாள். மிதித்தேன். “இந்த ரப்பர் குழாய் மூச்சுவிடுகிறது.”

பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் குழாய்க்கும் ஸ்லேவுக்கும் இடையே ஒரு சாண் ரப்பர் குழாய். மிதிக்கும்போதெல்லாம் அது உப்பியது. பெடல் தள்ளிய திரவத்தில் ஒரு பங்கு குழாயின் வயிற்றுக்குள் போனது. சூடேறினால் ரப்பர் இன்னும் இளகும். சூட்டில் மட்டும் மோசமானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

எஃகுப் பின்னல் குழாய், ஸ்லேவுக்குப் புது ரப்பர் சீல்கள், புதுத் திரவம். காற்று எடுத்து முடித்து அளந்தால் 13. ரிவர்ஸ் பூனை நடையில் விழுகிறது.

இரண்டாம் கியர்? 4,000 வரை சுத்தம். 6,000இல் இன்னும் அரைக்கிறது.

பிப்ரவரி 9, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை. கிளட்சா, சிங்க்ரோவா என்று தலைப்பு வைத்துப் பட்டிமன்றம் நடத்தினோம். தீர்ப்பு: இரண்டும். அதுவும் ஒன்று மற்றொன்றைக் கொன்றிருக்கிறது. கிளட்ச் முழுதாக விட்டால் சிங்க்ரோ நிறுத்த வேண்டியது ஒரு ஷாஃப்ட், ஒரு பிளேட், சில கியர்கள். முழுதாக விடாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் எஞ்சினையே அது பிரேக் போட்டு நிறுத்தப் பார்க்கிறது. எத்தனை மாதம் இப்படி ஓட்டினேனோ. அந்தப் பொன்தூள் அங்கிருந்து வந்ததுதான். ஜி.எல்-5 மேல் முழுப் பழியையும் போட்டது அநியாயம், பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10

ஜனவரி 7க்கு ஒரு திருத்தம். ரிவர்ஸ் கத்தினால் ‘கிளட்ச் முழுதாக விடவில்லை’ என்று அடித்துச் சொன்னேன். கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு பைலட் பேரிங் உண்டு, உள்ஷாஃப்டின் மூக்கு அதில் உட்கார்ந்திருக்கும். அது இறுகிப்போனால், கிளட்ச் நன்றாகவே விட்டாலும் எஞ்சின் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தள்ளுகோலின் அளவு சரியாக இருந்தும் ரிவர்ஸ் கத்தினால் பைலட் பேரிங், வளைந்த பிளேட், பிளேட் நகரும் வரிப்பற்களில் துரு, இவற்றைச் சந்தேகியுங்கள். இவற்றுக்கு மட்டும் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.

பிப்ரவரி 11

பாகங்கள் வரும்வரை கொஞ்சம் வம்பு. சிங்க்ரோ இல்லாத காலத்தில் இரட்டைக் கிளட்ச் வித்தையாகக் கருதப்படவில்லை, அது தெரியாதவருக்குப் பெரும்பாலான கார்களை ஓட்டுவதே பாடு. 1928இல் காடிலாக் கார்களில்தான் சிங்க்ரோமெஷ் முதலில் விற்பனைக்கு வந்தது, உருவாக்கியவர் ஏர்ல் தாம்சன். போர்ஷே 1952இல் 356 காருக்குத் தன் சொந்த வகை வளையத்தைக் கொண்டுவந்தது. 911 காரின் 915 பெட்டி வரை அந்த வகை தொடர்ந்தது. 1987இல் வந்த ஜி50 பெட்டியில்தான் அவர்கள் போர்க்-வார்னர் வகைக்கு மாறினார்கள். பந்தயக் கார்களிலோ பல பெட்டிகளில் சிங்க்ரோவே கிடையாது. பெரிய பற்கள், தடால் என்று ஒரு அடி, கியர் விழுந்துவிடும். என் கார் இத்தனை நாளாகத் தன்னைப் பந்தயக் காராக நினைத்துக்கொண்டிருந்தது போலும்.

பிப்ரவரி 23

இறக்கியாயிற்று. கேள்வி கேட்டவர் சிரித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. பேட்டரி இணைப்பு, லீவர், புகைக்குழாய், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், ஸ்லேவ் சிலிண்டர், பிறகு பெட்டியை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகள். மேலே இருக்கும் இரண்டு போல்ட்டுகளுக்கு நீட்டு ராடுகளை ஒன்றோடொன்று கோத்து முக்கால் மீட்டர் தூரத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. பெட்டி 35 கிலோவுக்குக் குறையாது. நெஞ்சில் தாங்கி இறக்கியவர்கள் உண்டு, நான் ஜாக்கியை நம்பினேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பாதி விலகிய பெட்டி உள்ஷாஃப்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். அப்புறம் கிளட்ச் விடவில்லை என்று முதல் குறிப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

பைலட் பேரிங் நன்றாகத்தான் சுற்றியது. மாற்றிவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து அதை விட்டுவைப்பது மூடத்தனம்.

பிப்ரவரி 24

திறந்தேன். பாகங்களைப் பிடித்துவைக்கும் முதல் ஸ்நாப் ரிங் கழன்றபோது அதன் பின்னால் இருந்த ஒரு குண்டும் ஸ்ப்ரிங்கும் பறந்துபோயின. குண்டு கிடைத்தது. ஸ்ப்ரிங்குக்காக ஒன்றரை மணி நேரம் தவழ்ந்தேன். அது சட்டைப் பையில் இருந்தது. திறக்கும்போது பெட்டியைப் பெரிய நெகிழித் துணிக்குள் வைத்துத் திறங்கள், வெறுங்காற்றில் வேண்டாம்.

நடுவில் ஹப், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லீவ், இரண்டுக்கும் இடையே மூன்று சாவித்துண்டுகள், பக்கத்தில் பித்தளை வளையம், அடுத்து கியரின் கூம்பு. நாம் லீவரைத் தள்ளும்போது சாவித்துண்டுகள் வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்தும். வளையத்தின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய வரிகள் எண்ணெய்ப் படலத்தை வெட்டிக் கூம்பைப் பிடிக்கும். வேகம் சமமாகும்வரை வளையத்தின் பற்கள் ஸ்லீவுக்கு வழிவிடாமல் மறித்து நிற்கும். வாசல் காவலாளி மாதிரி. சமமானதும் வழி திறக்கும். தேய்ந்துபோன வளையம் உறங்கும் காவலாளி.

வளையத்தைக் கூம்பில் கையால் அழுத்தி, வளையத்துக்கும் கியரின் பக்கப் பற்களுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். மூன்றாம் கியரில் 1.1 மில்லிமீட்டர். இரண்டாம் கியரில் 0.4. கையேடு அனுமதிக்கும் குறைந்தபட்சம் 0.8. வளையம் தேயத் தேயக் கூம்பில் ஆழமாக இறங்கும், இடைவெளி குறையும், கடைசியில் பக்கச் சுவரில் முட்டி நிற்கும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. உள்வரிகள் இருந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழப்பு.

கியரின் பக்கப் பற்களில் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. ஓடும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 2

சேர்த்தாயிற்று. பேரிங்கைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் சுத்தியல் இல்லாமல் ஷாஃப்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹப்புக்கும் ஸ்லீவுக்கும் எது முன்பக்கம் என்று கழற்றும்முன் குறி போட்டேன், இந்த முறை ஒரு காரியத்தை முன்யோசனையோடு செய்திருக்கிறேன். புது வளையம் 1.0 மில்லிமீட்டர் காட்டுகிறது. ஸ்லீவும் கியரும் பழையவை.

‘வளையம், ஸ்லீவ், கியர் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள்’ என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வளையம் மாற்றினால் போதும் ஐயா.

மார்ச் 9

6,500 சுற்றில் மாற்றினேன். ஒரு முனகல்கூட இல்லை. இரண்டு விரலால் போடலாம்.

மார்ச் 9, மாலை

இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளியது. தற்செயல்.

மார்ச் 10

தற்செயல் இல்லை. நாலு முறை.

கேள்வி கேட்டவர் சொன்னது சரி. பக்கப் பற்களின் முனையைத்தான் பார்த்தேன், பக்கவாட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பற்கள் அடிப்பக்கம் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். விசை ஏறும்போது அந்தச் சாய்வுதான் ஸ்லீவை உள்ளே இழுத்துப் பிடித்து வைக்கிறது. மாதக்கணக்கில் அரைத்ததில் ஸ்லீவிலும் கியரிலும் அந்தச் சாய்வு போய்விட்டது. புது வளையம் கியரை விழவைத்தது, விழுந்த கியரைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. ‘ஓடும் என்று நினைக்கிறேன்’ என்று எழுதிய கையை என்ன செய்வது? கஞ்சத்தனத்துக்கு அபராதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இல்லை, இரண்டு.

மார்ச் 23

இரண்டாம் முறை இறக்க அரை நாள்தான் ஆனது. கை பழகிவிட்டது, பழகியிருக்க வேண்டிய அவசியமே இல்லாத வேலையில். ஹப்பும் ஸ்லீவும் ஜோடியாகத்தான் வருகின்றன, தனித்தனியாகக் கலக்கக் கூடாது. இரண்டாம் கியரும் புதிது. ஃபோர்க்கின் நுனித் தேய்மானத்தையும் இந்த முறை அளந்தேன், வரம்புக்குள் இருக்கிறது. பெட்டியை மூடும்முன் மேசையிலேயே வைத்து, உள்ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியர்களையும் இருபது முறை போட்டுப் பார்த்தேன். சென்ற முறை இதைச் செய்யவில்லை. செய்திருந்தாலும் நழுவுவது தெரிந்திருக்காது, விசை இல்லாமல் அது நழுவாது. ஆகவே அந்தக் குற்ற உணர்ச்சி மட்டும் தேவையில்லை.

ஏப்ரல் 20

அரைக்கவில்லை, நழுவவில்லை. 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றினேன். தட்டில் கொஞ்சம் பொன்தூள், புது வளையம் கூம்போடு பழகும்போது உதிர்வது. காந்தத்தில் மெல்லிய பசை. ரிவர்ஸுக்கு முன்பு ஒரு கணம் முன்கியர் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போடும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். உள்ஷாஃப்ட் அதில் நின்றுவிடும், ரிவர்ஸின் பல்லுக்கு நிம்மதி.

மே 4

கேள்வி கேட்டவருக்கு: உங்கள் காரில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, ஆகவே சிங்க்ரோதான் என்று நேற்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் குளிர்ந்த காரில் பார்த்தீர்களா, ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு பார்த்தீர்களா? என் குழாய் குளிரில் ஒழுங்குப் பிள்ளையாகத்தான் இருந்தது. சூட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், தள்ளுகோலையும் அளந்து எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள்.

அடியில் படுத்துப் பார்க்க என் மகளை அனுப்ப முடியாது. அவளுக்குத் தேர்வு.